ஏ10-7850கே + ஆர்7 250: ரெண்டு கிராஃபிக்ஸைக் கூட்டினால் தேறுமா?

எஃப்எம்2+ சாக்கெட் மதர்போர்டும் ஏஎம்டியின் ஏ10-7850கே பிராசஸரும் வைத்திருப்பவர்களுக்கு அடிக்கடி வரும் ஆசை இது. பிராசஸருக்குள்ளேயே ஒரு கிராஃபிக்ஸ் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் ஒரு ரேடியான் ஆர்7 250 கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிச் செருகி, ஏஎம்டியின் ‘டூயல் கிராஃபிக்ஸ்’ வசதியில் இரண்டையும் சேர்த்து ஓட்டினால் என்ன?

கணக்குப் பார்த்தால் ஜோடி பொருத்தமானதுதான். பிராசஸருக்குள் 512 ஷேடர்கள் (படத்தைக் கணக்கிடும் சின்ன அலகுகள்), 720 மெகாஹெர்ட்ஸ்: சுமார் 737 கிகாஃபிளாப்ஸ், அதாவது விநாடிக்கு அத்தனை நூறு கோடி கணக்குகள். கார்டில் 384 ஷேடர்கள், 1050 மெகாஹெர்ட்ஸ்: சுமார் 806. ஏறக்குறைய சமபலம். ஒரே ஏரில் பூட்டும் மாடுகள் போல, இந்த வசதிக்கு இரண்டும் ஒத்துப் போக வேண்டும். என்விடியா கார்டோடு இது வேலையே செய்யாது. இதைவிட மிகப் பெரிய ரேடியான் கார்டைச் செருகினாலும் இந்தச் சேர்க்கைக்குப் பயனில்லை.

சேர்ந்து ஓடும் விதம் எளிது. ஒரு ஃபிரேமை, அதாவது திரையில் வரும் ஒரு படத்தை, கார்டு வரையும், அடுத்ததைப் பிராசஸரின் கிராஃபிக்ஸ் வரையும். அதனால் டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேல் ஒட்டும் படங்கள்) எல்லாம் இரண்டு பக்கமும் தனித்தனியாக இருந்தாக வேண்டும். கார்டில் 1 ஜிபி, ரேமிலிருந்து ஒதுக்கியது 1 ஜிபி என்றால் கேமுக்குக் கிடைப்பது 2 ஜிபி இல்லை, 1 ஜிபிதான். இதைப் பல விற்பனையாளர்கள் கூட்டித்தான் சொல்வார்கள்.

அமைக்கும்போது முதலில் ரேமைப் பாருங்கள். ஒரே குச்சி டிடிஆர்3-1600 என்றால் விநாடிக்கு 12.8 ஜிபி, இரண்டு குச்சிகளை டூயல் சேனலில் போட்டால் 25.6, 2133 வேக ரேம் என்றால் 34.1. உள் கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, பிராசஸரோடு இதைப் பங்கு போட்டுத்தான் வாழ்கிறது. ஒற்றைக் குச்சியில் டூயல் கிராஃபிக்ஸ் போடுவது வீண்வேலை. குச்சிகளைச் சரியான ஸ்லாட்டில் போட்டிருக்கிறீர்களா என்பதை சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளின் மெமரி பக்கம் காட்டும். சேனல் என்ற இடத்தில் ‘டூயல்’ என்று இருக்க வேண்டும். உண்மையில் இந்தக் கம்ப்யூட்டரில் காசுக்கு அதிகம் பலன் தருவது அந்த இரண்டாவது குச்சிதான், கார்டு இல்லாவிட்டாலும்.

அடுத்து பயாஸ், அதாவது கம்ப்யூட்டர் கிளம்பும்போது திறக்கும் மதர்போர்டு செட்டிங்ஸ். உள் கிராஃபிக்ஸை ‘ஃபோர்ஸ்’ அல்லது ‘எனேபிள்’ ஆக்குங்கள்; ‘ஆட்டோ’வில் விட்டால் கார்டைப் பார்த்ததும் பல போர்டுகள் அதை அணைத்துவிடும். யூஎம்ஏ ஃபிரேம் பஃபரை, அதாவது உள் கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கும் ரேமை, 1 ஜிபி வையுங்கள். டூயல் கிராஃபிக்ஸ் என்று தனி வரி இருந்தால் அதையும் இயக்குங்கள். மானிட்டர் கேபிளை எந்தப் போர்ட்டில் செருகுவது என்று மதர்போர்டு கையேட்டில் இருக்கும், அதன்படியே செய்யுங்கள். பழைய டிரைவரை டிடியு என்ற டிரைவர் நீக்கும் மென்பொருள் கொண்டு சேஃப் மோடில் துடைத்துவிட்டு, இரண்டுக்கும் பொதுவான ஒரே டிரைவரைப் போடுங்கள். ரேடியான் மென்பொருளில் டூயல் கிராஃபிக்ஸை இயக்கியதும் திரை ஒருமுறை கறுத்து வரும். கேம் ஓடும்போது ஜிபியு-இசட் என்ற மென்பொருளில் இரண்டின் லோடையும் பார்க்கலாம். ஒன்று மட்டும் பூஜ்யத்தில் நின்றால் சேர்க்கை நடக்கவில்லை என்று அர்த்தம்.

சேர்க்கை நடந்தால் எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம்) எண் ஏறும். கண்ணுக்கு அது தெரிகிறதா என்பதுதான் வேறு விஷயம். ஒரு ஃபிரேம் 8 மில்லிவிநாடியிலும் அடுத்தது 25 மில்லிவிநாடியிலும் வந்தால் சராசரி 60 எஃப்பிஎஸ் என்றே காட்டும். ஆனால் பார்ப்பவருக்கு 40 எஃப்பிஎஸ் போலத் திக்கித் திக்கித்தான் தெரியும். வேகம் ஒன்றாக இல்லாத இரண்டு சிப்புகள் மாறி மாறி வரையும்போது இது வரத்தான் செய்யும். ஏஎம்டி டிரைவரில் இதைச் சீர்செய்ய முயன்றது. குறைந்ததே தவிர, போகவில்லை.

இன்னொரு சிக்கலைப் பலரும் கவனிப்பதில்லை. 95 வாட் வரம்பு பிராசஸருக்கும் உள் கிராஃபிக்ஸுக்கும் சேர்த்துத்தான். கிராஃபிக்ஸ் முழு மூச்சில் ஓடினால், 3.7 கிகாஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய பிராசஸர் கீழே இறங்கும். இந்தக் கம்ப்யூட்டரில் ஏற்கனவே பலவீனமான உறுப்பே அதுதான். வோல்டேஜ் சீராக்கிகளின் மேல் ஹீட்சிங்க் இல்லாத மலிவு ஏ68எச் சிப்செட் போர்டு என்றால், சூட்டில் இன்னும் சுருங்கும்.

கேம்கள் கிராஃபிக்ஸோடு பேசும் விண்டோஸ் வழி டைரக்ட்எக்ஸ். அதன் 9-ஆம் பதிப்புக் கேம்களில் டூயல் கிராஃபிக்ஸ் கிடையாது. 10, 11-இல் உண்டு, அதுவும் முழுத்திரையில் மட்டும், அந்தக் கேமுக்கு டிரைவரில் புரொஃபைல் (தனி அமைப்புக் குறிப்பு) இருந்தால். 12-இல் கேமை எழுதியவர்களே இரண்டு சிப்புகளுக்கும் வேலை பிரித்துக் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தவர்கள் மிகச் சிலர். 2021 ஜூனில் ஏஎம்டி இந்தத் தலைமுறையையே பழைய பட்டியலுக்குத் தள்ளிவிட்டது, எனவே புதுப் புரொஃபைல் இனி வராது.

ஆகவே இதற்காக ஆர்7 250 வாங்காதீர்கள். கையில் ஏற்கனவே இருந்தால் ஒரு மாலை நேரம் செலவழித்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். வாங்குவதென்றால் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 750 டிஐ: 640 கோர்கள், 60 வாட், சொந்த மெமரியில் விநாடிக்கு 86.4 ஜிபி. பெரும்பாலான மாடல்களுக்குத் தனி மின்கம்பி வேண்டாம். அதைப் போட்டபின் உள் கிராஃபிக்ஸை பயாஸில் அணைத்துவிடுங்கள். ஒதுக்கிய ரேம் திரும்ப வரும், பிராசஸருக்கு மூச்சும் கிடைக்கும்.

இரண்டு கிராஃபிக்ஸும் ஒரே கம்ப்யூட்டரில் உண்மையிலேயே உதவுவது, ஒரே வேலையை இரண்டுக்கும் கொடுக்காதபோதுதான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் பழைய ஆபீஸ் பெட்டிகளில் இன்டெல் ஐ5-4570 பிராசஸர் இருந்தால், உள்ளே எச்டி 4600 கிராஃபிக்ஸ் இருக்கிறது. அதோடு என்விடியாவின் ஜிடி 1030 கார்டு ஒன்று சேர்த்தால் கேமை கார்டு பார்த்துக்கொள்ளும். அந்தக் கார்டில் வீடியோவைச் சுருக்கிப் பதியும் என்கோடர் கிடையாது. திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் மென்பொருளில் குவிக் சிங்க் (இன்டெல் கிராஃபிக்ஸின் என்கோடர்) என்று தேர்ந்தெடுத்தால் பதிவை இன்டெல் பார்த்துக்கொள்ளும். பயாஸில் ‘மல்டி டிஸ்ப்ளே’ அல்லது ‘ஐஜிபியு மல்டி மானிட்டர்’ என்பதை இயக்காவிட்டால் ஓபிஎஸ்ஸில் அந்தத் தேர்வே தெரியாது. விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து டிஸ்ப்ளே பக்கத்தின் கிராஃபிக்ஸ் செட்டிங்ஸில், எந்த மென்பொருள் எந்தச் சிப்பில் ஓட வேண்டும் என்றும் தனித்தனியாகச் சொல்லலாம்.

ஜிடி 1030 வாங்கும்போது ஸ்டிக்கரைப் படியுங்கள். மெமரி வேகம் ஜிடிடிஆர்5 மாடலில் விநாடிக்கு 48 ஜிபி, டிடிஆர்4 மாடலில் 16.8 மட்டும். பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான்.