12ஏஎக்ஸ்7-ஐக் கழற்றினால் எதைச் செருகுவது? ப்ரீஆம்ப் வால்வுகள் ஓர் ஒப்பீடு

கிடார் ஆம்பின் தொனி பிடிக்கவில்லை என்றால் ஸ்பீக்கரை மாற்றலாம், செலவு அதிகம். டிரான்ஸ்ஃபார்மரை மாற்றலாம், சாலிடரிங் வேலை. ப்ரீஆம்ப் வால்வு, அதாவது கிடாரின் சன்னமான சிக்னலை முதலில் பெருக்கும் கண்ணாடிக் குமிழ், அப்படியில்லை. பழையதை உருவி எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினால் முடிந்தது. ஸ்பீக்கரை இயக்கும் பவர் வால்வுக்குச் செய்வதுபோல் பயாஸ் (சும்மா இருக்கும்போது ஓடும் மின்னோட்டத்தின் அளவு) சரிசெய்யும் வேலையும் இல்லை. அதனால் எல்லோரும் முதலில் இங்கேதான் கை வைக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் ஒரு பிராண்ட் 12ஏஎக்ஸ்7-ஐ எடுத்துவிட்டு இன்னொரு பிராண்ட் 12ஏஎக்ஸ்7-ஐப் போட்டு, பெரிதாக எதுவும் மாறவில்லையே என்று நொந்துபோகிறார்கள். பிராண்டைவிட வால்வின் வகை முக்கியம். வகையைவிட அது எந்தச் சாக்கெட்டில் போகிறது என்பது முக்கியம்.

வகையிலிருந்து தொடங்கலாம். 12ஏஎக்ஸ்7, ஐரோப்பாவில் இசிசி83 என்று அழைக்கப்படுவது, இன்றைய கிடார் ஆம்புகளில் மிகப் பரவலான ப்ரீஆம்ப் வால்வு. ஒரே கண்ணாடிக் குமிழுக்குள் இரண்டு ட்ரையோட்கள், அதாவது தனித்தனியாகப் பெருக்கும் இரண்டு பாதிகள்; ஒவ்வொன்றின் பெருக்கக் காரணி (அதிகபட்சம் எத்தனை மடங்கு பெருக்கும் என்ற எண்) 100. அதே ஒன்பது பின் சாக்கெட்டில், அதே இணைப்பில் பொருந்தக்கூடிய உறவுக்காரர்கள் நாலு பேர்: 5751-க்குப் பெருக்கக் காரணி 70, 12ஏடி7-க்கு 60, 12ஏஒய்7-க்கு சுமார் 44, 12ஏயு7-க்கு 20-க்கும் கீழே.

இந்த எண்களை வைத்து நேராக விகிதம் போட்டுவிடக் கூடாது. வால்வுக்கு உள்ளேயே ஒரு மின்தடை உண்டு, அது வெளியே, வால்வின் பிளேட் என்ற தகட்டோடு இணைந்திருக்கும் பிளேட் மின்தடையோடு சேர்ந்துதான் உண்மையான பெருக்கத்தை முடிவு செய்யும். வழக்கமான 100 கிலோ ஓம் பிளேட் மின்தடையில் கணக்குப் பார்த்தால் 12ஏஎக்ஸ்7 ஒரு கட்டத்தில், அதாவது ஒரு ட்ரையோடைக் கடக்கும்போது, சுமார் 60 மடங்கு பெருக்குகிறது. 5751 சுமார் 44 மடங்கு, 12ஏஒய்7 சுமார் 35, 12ஏயு7 சுமார் 16. டெசிபலில் சொன்னால் 5751 மூன்று டெசிபல் குறைவு, 12ஏஒய்7 ஐந்து குறைவு, 12ஏயு7 பன்னிரண்டு வரை குறைவு.

இனி சாக்கெட். ஃபெண்டரின் 1960-களின் டீலக்ஸ் ரிவர்ப் ஆம்பை எடுத்துக்கொள்வோம். இதில் பலர் வி1 என்று குறிக்கப்படும் முதல் சாக்கெட்டின் வால்வை மாற்றிவிட்டு வித்தியாசமே இல்லை என்பார்கள். இருக்காதுதான். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் வலது ஓரத்தில் இருக்கும் வி1 நார்மல் சேனலுக்கு மட்டும் உழைக்கிறது. ரிவர்ப் (எதிரொலி) வேண்டும் என்பதற்காக எல்லோரும் கிடாரைச் செருகுவது வைப்ரேட்டோ சேனலில்; அதற்கு உரியது பக்கத்தில் இருக்கும் வி2. மேலும், வி2-வின் இரண்டு ட்ரையோட்களும் அந்தச் சேனலுக்கே ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன. எனவே அங்கே 5751 போட்டால் குறைவு மூன்று டெசிபல் அல்ல, ஆறு. 12ஏஒய்7 போட்டால் பத்து. மார்ஷல் ஜேடிஎம்45-இல் கதை வேறு. வி1-இன் ஒரு பாதி ஒரு சேனலுக்கு, மறு பாதி இன்னொரு சேனலுக்கு. அங்கே அதே 5751 ஒரு கட்டத்தைத்தான் தொடும்.

டீலக்ஸ் ரிவர்பில் 5751 போட்டவர்கள் "தொனி இதமாகிவிட்டது, கூர்மை போய்விட்டது" என்கிறார்கள். காது பொய் சொல்லவில்லை, ஆனால் காரணம் பெரும்பாலும் வால்வுக்குள் இல்லை. வைப்ரேட்டோ சேனலின் வால்யூம் குமிழுக்குக் குறுக்கே 47 பிகோஃபாரட் மின்தேக்கி ஒன்று நிரந்தரமாக இருக்கிறது. வால்யூம் குறைவாக இருக்கும்போது ட்ரெபிள் மட்டும் அந்தக் குறுக்குவழியாகத் தப்பித்துப் போகும். வால்யூமை ஏற்ற ஏற்ற அதன் பாதிப்பு குறையும். பெருக்கம் குறைந்த வால்வைப் போட்டதும் பழைய சத்தத்துக்கு வர வால்யூமை 3-லிருந்து 4, 5 என்று ஏற்றுகிறோம். மின்தேக்கியின் கூர்மை அங்கேயே மட்டுப்பட்டுவிடுகிறது. இப்படிக் கிடைத்தாலும் லாபம் லாபம்தான். வீட்டில் வாசிப்பவருக்கு வால்யூம் குமிழ் நிதானமாக ஏறுவது பெரிய நிம்மதி. இந்த ஆம்புக்கு முதலில் வாங்க வேண்டியது 5751 என்று தயங்காமல் சொல்வேன்.

12ஏஒய்7-க்கு இதைவிட நல்ல பூர்வீகம் உண்டு. ஃபெண்டரின் 1950-களின் ட்வீட் (துணி ஒட்டிய பெட்டி) ஆம்புகளில், குறிப்பாக 5எஃப்6-ஏ பாஸ்மேனில், முதல் சாக்கெட்டில் இருந்தது அதுதான். 1962-இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் கென் பிரானும் டட்லி கிராவனும் அந்தப் பாஸ்மேன் சர்க்யூட்டை வைத்து ஜேடிஎம்45-ஐ உருவாக்கியபோது, அந்த இடத்தில் இசிசி83 வந்தது. ஒரு கட்டத்தில் 35 மடங்காக இருந்த பெருக்கம் 60 ஆனது. மார்ஷலின் முரட்டுத்தனம் முழுவதும் அதிலிருந்துதான் வந்தது என்று சொல்ல முடியாது. ஃபீட்பேக் எடுத்த விதம், மூடிய பெட்டியில் நாலு 12 அங்குல ஸ்பீக்கர், எல்லாம் சேர்ந்தது. ஆனாலும் ஜேடிஎம்45 வகை ஆம்ப் வைத்திருப்பவர் வி1-இல் 12ஏஒய்7 செருகிப் பார்க்க வேண்டும். தடித்த ஈ கம்பியை அழுத்தி அடிக்கும்போது முன்பு கரகரத்து நசுங்கிய சுரம் இப்போது முழுசாக எழும்பும்; அதே அடியை இன்னும் பலமாகக் கொடுத்தால்தான் உடையும், அதாவது கரகரக்கத் தொடங்கும். விரலின் அழுத்தத்துக்கு ஆம்ப் பதில் சொல்லும் எல்லை அகலமாகிறது. இப்படி ஒரு கட்டத்தை மட்டும் தொடும் இடத்தில் 5751-ஐவிட இதுவே எனக்குப் பிடித்தது. ஆனால் டீலக்ஸ் ரிவர்பின் வி2-வில் பத்து டெசிபல் குறைந்தால் ஆம்ப் சோர்ந்துபோகும், அங்கே வேண்டாம்.

12ஏடி7-இன் காரணி 60 என்பதைப் பார்த்து, 5751-க்கு அடுத்த படி என்று நினைத்து வாங்குகிறவர்கள் அதிகம். எண் அப்படித்தான் சொல்கிறது, வால்வு அப்படி நடந்துகொள்வதில்லை. அது வானொலியின் உயர் அலைவரிசைக்காக வடிவமைக்கப்பட்டது. 10 மில்லியாம்பியர் ஓட்டத்தில் சுகமாக இருக்கக்கூடியதை, ஒன்றிரண்டு மில்லியாம்பியர் மட்டுமே ஓடும் 12ஏஎக்ஸ்7-இன் இடத்தில் அடைத்தால் என் காதுக்கு விறைப்பாக, சதை இல்லாமல் கேட்கிறது. அதன் சொந்த வீடு வேறு. ஃபெண்டர் அதை ரிவர்ப் டிரைவராகவும் (ரிவர்ப் ஸ்பிரிங்கை இயக்குவது) ஃபேஸ் இன்வெர்ட்டராகவும் (சிக்னலை எதிரெதிரான இரண்டாகப் பிரித்துப் பவர் வால்வுகளுக்குத் தருவது) வைத்தது, அங்கே தேவை மின்னோட்டம். மார்ஷல் வகை ஆம்பில் ஃபேஸ் இன்வெர்ட்டரான இசிசி83-ஐ எடுத்துவிட்டு 12ஏடி7 போட்டால் பவர் வால்வுகள் சற்றுத் தாமதமாக உடைகின்றன, தாளம் அடிப்பவருக்கு அது நல்லது. ஃபெண்டரில் இதைத் தலைகீழாகச் செய்யலாம்.

12ஏயு7-ஐ முதல் சாக்கெட்டில் போடாதீர்கள், உயிரே இருக்காது. அதற்கு ஒரே ஓர் அருமையான பயன்: ஃபெண்டரில் ரிவர்ப் குமிழ் 2-ஐத் தாண்டியதும் கிணற்றுக்குள் விழுந்ததுபோல் ஆகிவிடுகிறது என்றால், ரிவர்ப் டிரைவர் சாக்கெட்டில் 12ஏடி7-க்குப் பதில் இதைப் போடுங்கள். குமிழின் முழு நீளமும் பயன்படும்.

இதற்கெல்லாம் பிறகுதான் பிராண்ட். சுலோவாக்கியாவின் ஜேஜே இசிசி83எஸ் சற்று இருண்ட தொனி, மத்திமம் தடிப்பு. ரஷ்யாவின் சராத்தோவ் ஆலையில் வரும் டங்-சோல் இன்னும் வெளிச்சமானது. அதே ஆலையின் சோவ்டெக் எல்பிஎஸ் நீண்ட பிளேட் கொண்டது. ஸ்பீக்கரும் ஆம்பும் ஒரே பெட்டியில் இருக்கும் காம்போவில் அதிர்வைப் பிடித்துக் கணகணக்க வாய்ப்பு அதிகம், ஸ்பீக்கர் இல்லாத தனி ஹெட்டில் போடலாம். பழைய மல்லார்ட், டெலிஃபங்கன் வால்வுகளுக்குக் கேட்கும் விலையை, வகையை மாற்றிப் பார்க்கும் முன் கொடுக்காதீர்கள். டெலிஃபங்கன் வாங்கியே தீருவதென்றால் அடிக் கண்ணாடியில், பின்களுக்கு நடுவே, வைரக் குறி பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் அச்சடித்த பெயரை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம்.

எந்த இரண்டு வால்வை ஒப்பிட்டாலும் சத்தத்தைச் சமப்படுத்திய பிறகே கேளுங்கள். ஃபோனில் உள்ள டெசிபல் செயலி போதும். சத்தம் கூடியது எப்போதும் நல்லதாகத்தான் படும்.

கழற்றும்போது ஆம்பை அணைத்து, வால்வு ஆறியபின் உலோகக் கவசத்தை அழுத்தித் திருப்பி எடுக்க வேண்டும். நேராக மேலே இழுங்கள். பக்கவாட்டில் அதிகம் ஆட்டினால் பின் நுழையும் இடத்தில் கண்ணாடியில் விரிசல் விழும். தலையில் உள்ள வெள்ளிப் பூச்சு பால்வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, வால்வு தீர்ந்தது. புதியதைப் போட்டு ஆம்பை இயக்கி, பென்சிலால் மெல்லத் தட்டுங்கள். லேசான டொக் சத்தம் இயல்பு. மணிபோல் நீண்டு ஒலித்தால் கடைக்காரரிடம் மாற்றிக்கொள்ளுங்கள். இசிசி88 என்ற வால்வும் இதே ஒன்பது பின் சாக்கெட்டில் கச்சிதமாக உட்காரும், ஆனால் அதன் ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) இணைப்பு வேறு. அதை இந்தச் சாக்கெட்டுகளில் செருக வேண்டாம்.