குளோன் முடிந்தது என்றார்கள், பழைய டிஸ்க்கைக் கொடுத்துவிட்டேன்

பொத்தானை அழுத்திவிட்டுக் குளித்து வந்தாலும் என் கணினி அந்த வட்டத்தைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். எட்டு வயது ஹார்டு டிஸ்க். எஸ்எஸ்டி என்ற வேகமான புதுவகை டிஸ்க் போட்டு, இருப்பதை அப்படியே குளோன் செய்து தருகிறேன் என்று பழுதுபார்க்கும் கடைக்காரர் சொன்னபோது உடனே தலையாட்டிவிட்டேன். டிஸ்க்கையும் அவரே தருவாராம். பழையதைக் கொடுத்துவிட்டால் விலையில் கொஞ்சம் குறைப்பாராம். அந்தக் கொஞ்சத்துக்கு ஆசைப்பட்டேன்.

மறுநாள் கணினி வந்தது, சில நொடிகளில் திறந்தது. அதே முகப்புப் படம், அதே கோப்புறைகள். “1 டிபி என்றீர்கள், 931 ஜிபிதானே காட்டுகிறது?” என்று கேட்டேன். “அது அப்படித்தான் காட்டும் சார்” என்று சிரித்தார். அதில் பொய் இல்லை. தயாரிப்பாளர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. அந்தப் பதில் சரியாக இருந்ததால் அடுத்த கேள்வியை நான் கேட்கவே இல்லை.

மூன்று வாரம் கழித்து அம்மாவின் பழைய படங்களைத் தேடினேன். பெயர்கள் எல்லாம் இருந்தன, அளவுகளும் சரியாக இருந்தன. படம்தான் திறக்கவில்லை. ஒன்றே ஒன்றில் மட்டும் நெற்றிவரை தெரிந்தது, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். இன்னொன்றை எண்வடிவில் திறந்து பார்த்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பூச்சியம், பூச்சியம், பூச்சியம்.

படிக்க முடிந்தவற்றை வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, அந்த எஸ்எஸ்டியைத் துடைத்து எச்2டெஸ்ட்டபுள்யூ என்ற இலவச நிரலை ஓட்டினேன் (லினக்ஸில் இதே வேலைக்கு எஃப்3 இருக்கிறது). வெற்றிடம் முழுவதையும் சோதனைக் கோப்புகளால் நிரப்பி, பிறகு அவற்றைத் திரும்பப் படித்துப் பார்ப்பதுதான் அதன் வேலை. நிரப்பும்போது ஒரு முணுமுணுப்பும் இல்லை. படிக்கும்போதுதான் சாயம் வெளுத்தது: சுமார் 110 ஜிபிக்கு அப்பால் எழுதிய எதுவும் திரும்பி வரவில்லை.

உள்ளே சிறிய சில்லு, டிஸ்க்கை இயக்கும் உள்நிரலான ஃபர்ம்வேரில் மட்டும் பெரிய எண். கொள்ளளவைத் தாண்டி எதைக் கொடுத்தாலும் ‘எழுதிவிட்டேன்’ என்று பதில் சொல்லிவிட்டு வீசி எறிந்துவிடும். சில போலிகள் பழையதன் மேலேயே எழுதும். என் விண்டோஸும் கோப்புகளின் பெயர்ப்பட்டியலும் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியில் இருந்ததால் பிழைத்தன. எல்லாம் வந்துவிட்டது என்று நான் ஏமாந்ததும் அதனால்தான். குளோன் நிரலோ, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கச் சொல்லாவிட்டால், 100% என்று காட்டிவிட்டுப் போய்விடும்.

கடைக்குப் போனேன். “உங்கள் பழைய டிஸ்க்கே கெட்டிருந்திருக்கும் சார்.” அப்படியானால் அதைக் கொடுங்கள் தம்பி, பார்த்துவிடலாம் என்றேன். “ஃபார்மட் போட்டுவிட்டோமே” என்றார். அரைமணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எஸ்எஸ்டிக்குக் கொடுத்த பணம் இன்றுவரை வரவில்லை.

குளோன் செய்யக் கொடுப்பவர்கள் புது டிஸ்க்கைக் காலியாக இருக்கும்போதே இப்படி நிரப்பிச் சோதித்துவிடுங்கள். ஒரு இரவு பிடிக்கும், பிடிக்கட்டும். கணினி திறந்ததைப் பார்த்து மகிழாமல், பெரிய காணொளிகளைக் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். என்ன தள்ளுபடி சொன்னாலும் பழைய டிஸ்க் உங்கள் மேசை இழுப்பறையில் சில மாதமாவது கிடக்கட்டும்.

நல்லவேளை, கடையில் போட்டது விரைவு ஃபார்மட். ஹார்டு டிஸ்க்கில் அது தரவைத் தொடாது, பட்டியலைத்தான் புதிதாக்கும். முழு ஃபார்மட் போட்டிருந்தால் விண்டோஸ் எல்லாவற்றின் மேலும் பூச்சியம் எழுதியிருக்கும். அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் என்ற நிரல் இரவு முழுவதும் ஓடி ஆயிரக்கணக்கான படங்களை மீட்டது. ஆனால் பழைய பெயர் எதற்கும் இல்லை. எஃப் என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணும்தான். அம்மாவின் படங்களும் ஏதேதோ இணையப் பக்கங்களின் பொத்தான் படங்களும் ஒரே குவியலில் கிடக்கின்றன. இரவுக்கு ஐந்நூறு வீதம் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.