லோட் ஏத்தின பீமுக்கு பீம் எலிமென்ட்டா, சாலிட் எலிமென்ட்டா?

ஃபைனைட் எலிமென்ட் அனாலிசிஸ்னா ஒரு பொருளை சின்னச் சின்ன எலிமென்ட்டா பிரிச்சு, லோடுக்கு என்ன ஆகும்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுறது. அதுல பீமை வெறும் கோடா வெச்சு, அதோட குறுக்குவெட்டை (செக்‌ஷன்) நம்பரா கொடுத்தா பீம் எலிமென்ட், முழு 3டி உருவத்தையும் துண்டு போட்டா சாலிட் எலிமென்ட். ஒரே பீமை ரெண்டு விதமாவும் மாடல் பண்ணிப் பாத்துட்டுதான் எழுதுறேன், நான் இப்போ பீம் எலிமென்ட் பக்கம்.

ஸ்டீல் கான்டிலீவர் (ஒரு முனையை மட்டும் பிடிச்ச பீம்), நீளம் 1 மீட்டர், அகலம் 50 மி.மீ, உயரம் 100 மி.மீ, முனையில 10 கிலோநியூட்டன். யங்ஸ் மாடுலஸ் (மெட்டீரியலோட விறைப்பு) 200 ஜிகாபாஸ்கல்னு வெச்சு கையில கணக்குப் போட்டா முனை 4 மி.மீ இறங்கணும், பிடிச்ச இடத்துல பெண்டிங் ஸ்ட்ரெஸ் 120 மெகாபாஸ்கல்.

கியூபிக் பீம் எலிமென்ட் (வளைவை மூணாம் படி சமன்பாட்டால காட்டுறது) ஒண்ணே ஒண்ணு போட்டாலே அந்த 4 வந்துடும், ஷியரையும் (குறுக்கே சறுக்குற சிதைவு) சேர்த்தா 4.03. ரன் டைம், ஃபைல் சைஸ் பத்தி சொல்லவே வேணாம்.

சாலிட்ல முதல்ல 4 நோட் டெட்ராவை (மூலைக்கு ஒரு நோட், அதாவது கணக்குப் புள்ளி, இருக்கிற நாலுமுகத் துண்டு) பெருசு பெருசா போட்டேன், முனை 4 மி.மீ கிட்டக்கூட வரல. அந்த எலிமென்ட்டுக்குள்ள ஸ்ட்ரெயின் (நீட்சி, சுருக்கத்தோட அளவு) மாறவே மாறாது, அதனால வளையாம விறைச்சுக்கிட்டு நிக்கும். 10 நோட் டெட்ராவுக்கு (விளிம்பு நடுவுலயும் நோட் இருக்கிறது) மாத்தினதும் சரியாச்சு. 8 நோட் பிரிக்கும் (செங்கல் வடிவ எலிமென்ட்) ஃபுல் இன்டக்ரேஷன்ல, அதாவது உள்ள எல்லாக் கணக்குப் புள்ளியையும் எடுத்தா, ஷியர் லாக்கிங்ல (இல்லாத ஷியர் சேர்ந்து விறைச்சுக்கிறது) மாட்டும், புள்ளிகளைக் குறைச்சு ரெட்யூஸ்ட் இன்டக்ரேஷன் போட்டு உயரத்துக்கு ஒரே லேயர் வெச்சா ஹவர்கிளாஸ் ஆகி (ஸ்ட்ரெஸ்ஸே காட்டாம கோணலா சிதைஞ்சு) தொளதொளன்னு ஆயிடும்.

ஆனா நான் மாறினதுக்கு காரணம் இது இல்ல, டிசைன் மாறும்போது ஆகுற வேலைதான். உயரம் 100 இல்ல 120-ன்னு முடிவாச்சுன்னா பீம்ல ஒரு நம்பரை மாத்தினா போதும், டிஃப்ளெக்ஷன் (முனை இறங்குற அளவு) 2.31-ன்னு வந்துடும். சாலிட்ல ஜியோமெட்ரியை மாத்தி, திரும்ப மெஷ் போட்டு (எலிமென்ட்டா பிரிச்சு), லோடும் சப்போர்ட்டும் அதே ஃபேஸ்லதான் இருக்கான்னு பாத்து, அப்புறம் மெஷ்ஷை நுணுக்கி ரிசல்ட் நிலையா நிக்குதான்னு மறுபடி செக் பண்ணணும். அதுலயும் பிடிச்ச முனையோட ஓரத்துல ஸ்ட்ரெஸ் நிக்கவே நிக்காது. முழு ஃபேஸையும் ஃபிக்ஸ் பண்ணும்போது பாய்சான் சுருக்கத்தையும் (நீளும்போது குறுக்கே ஒடுங்குறது) தடுத்துடுறோம், அதனால மெஷ் நுணுக நுணுக அந்த நம்பர் ஏறிட்டே போகும், அதை நம்பி செக்‌ஷனை பெருசாக்கினா வீண் எடைதான் மிச்சம். ஒரு தடவைன்னா பரவாயில்ல, ஒரே பீம் பத்து தடவை மாறும்போது ஒவ்வொரு தடவையும் இதையெல்லாம் செஞ்சாகணும்.

பீம்லயும் ஒரு குழி இருக்கு. செக்‌ஷன் ஓரியன்டேஷன் தப்பாப் போய் பீம் படுத்துக்கிச்சுன்னா 4 மி.மீக்கு பதிலா 16 வரும், எந்த வார்னிங்கும் வராது. எனக்கே வந்துச்சு. இப்போல்லாம் செக்‌ஷனை 3டி-ல காட்டுற ஆப்ஷனை ஆன் பண்ணிப் பாத்துட்டுதான் ரன் கொடுக்குறேன்.

ஓட்டை, வெல்டு, போல்ட் பக்கத்துல என்ன ஆகுதுன்னு பாக்கணும்னா சாலிட்தான், அங்க பீம் எதுவும் சொல்லாது. நான் அந்தத் துண்டை மட்டும் சாலிட்ல எடுத்து, வெட்டின இடத்துல பீம் மாடல்ல கிடைச்ச ஃபோர்ஸையும் மொமென்ட்டையும் (வளைக்கிற திருப்புவிசை) கொடுத்துடுவேன். பிளாஸ்டிக் ஆகுற (லோடை எடுத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பாத) அளவுக்கு லோட் ஏத்துற கேஸ் நான் ரெண்டு மூணுதான் பண்ணியிருக்கேன், அதுக்கு பீம் போதும்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்.