தனித் தபால்தலையா, உறையோடா?

தபால்தலை சேகரிப்பவர் தலையை மட்டும் தனியாக வாங்குவதா, அது ஒட்டி அஞ்சலில் போன உறையோடு வாங்குவதா? 1918 மே மாதம் அமெரிக்கா வெளியிட்ட 24 சென்ட் விமானத் தபால்தலையையே எடுத்துக்கொள்வோம். சிவப்புச் சட்டம், நடுவே நீல நிறத்தில் ‘ஜென்னி’ என்ற அந்தக் கால விமானம். அச்சானவை 20 லட்சத்துக்கும் மேல். பயன்படுத்தாத தனித் தலை தேடினால் கிடைத்துவிடும். படம் நடுவில் சரியாக அமைந்திருக்கிறதா, பின்பக்கப் பசை கெடாமல் இருக்கிறதா, பல் ஓரம் முழுசா என்று பார்த்தால் போதும். ஆல்பத்தில் வைக்க அழகாகவும் இருக்கும்.

உறையோடு தேடுவது வேறு வேலை. வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் இடையே மே 15-ல் விமான அஞ்சல் தொடங்கியபோது கட்டணம் 24 சென்ட். ஜூலை 15-லேயே 16 சென்டாகக் குறைந்தது. டிசம்பரில் 6 சென்ட். ஆக, இந்தத் தலை தன் சரியான கட்டணத்துக்குத் தனியாக ஒட்டப்பட்டது இரண்டே மாதம். சேவையின் முதல் நாளில் போன உறைகளைச் சேகரிப்பாளர்கள் அன்றே பத்திரப்படுத்திவிட்டார்கள். ஜூன் மாதத்தில் ஒரு வியாபாரி அவசரமாக அனுப்பிய சாதாரணக் கடிதம்தான் எனக்குப் பெரிது. அதில் தேதி, ஊர், வேகத்துக்காக ஒருவர் கொடுத்த விலை எல்லாமே இருக்கின்றன.

ஏமாற்று வேலையும் உறையில்தான் அதிகம். பழைய உறையில் வேறு தலையை ஒட்டிவிடுவார்கள். முத்திரை மை தலையிலிருந்து உறைக்கு முறியாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். விலை கூடிய உறையென்றால் நிபுணர் சான்றிதழ் இல்லாமல் வாங்காதீர்கள்.

என் ஓட்டு உறைக்கே. தயவுசெய்து எந்தப் பழைய உறையையும் தண்ணீரில் ஊறப்போட்டுத் தலையைப் பிரிக்காதீர்கள்.