வரிசை, குலுக்கல், மொழிப்பூட்டு: ஜப்பானில் கன்சோல் யார் கைக்குப் போனது?

சோனியின் கன்சோலான (வீடியோ கேம் ஆடும் பெட்டி) பிளேஸ்டேஷன் 5 ஜப்பானில் வெளிவந்தது 2020 நவம்பர் 12. ஃபாமிட்சு என்ற ஜப்பானிய கேம் இதழின் கணக்குப்படி முதல் நான்கு நாளில் 1,18,085 விற்றது. நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 வந்தது 2025 ஜூன் 5. அதே நான்கு நாள் கணக்கில் 9,47,931. ஏறக்குறைய எட்டு மடங்கு. இரண்டுமே கடையில் கிடைக்காமல் ஜனம் அலைந்த கன்சோல்கள்தான். ஆனால் கிடைத்த கொஞ்சத்தை யாருக்குக் கொடுப்பது என்பதில் சோனியும் நிண்டெண்டோவும் போன பாதை வேறு வேறு. என் பார்வையில் ஒப்பிட வேண்டியது அதைத்தான். (மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸை விட்டுவிடுகிறேன். ஜப்பானில் அதன் விற்பனை மிகச் சிறியது.)

முதலில் பழைய முறை: வரிசை. 1988 பிப்ரவரி 10, புதன்கிழமை, டிராகன் குவெஸ்ட் 3 என்ற வீடியோ கேம் வெளிவந்தது. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுக் கடை வாசலில் நின்ற மாணவர்கள் நூற்றுக்கணக்கில் போலீஸ் கையில் மாட்டினார்கள். அதற்கப்புறம் அந்தத் தொடரின் புதிய பாகங்கள் விடுமுறை நாளாகப் பார்த்து வரத் தொடங்கின. "வேலை நாளில் விற்கக் கூடாதென்று ஜப்பானில் சட்டமே போட்டுவிட்டார்கள்" என்று இன்றும் சிலர் சொல்வார்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது. 1990-ல் நான்காம் பாகம் வந்தபோது இன்னொரு கூத்து: டிராகன் குவெஸ்ட் வேண்டுமானால் விலைபோகாமல் தேங்கிக் கிடக்கும் வேறு கேம்களையும் சேர்த்து வாங்கு என்று ஒரு மொத்த வியாபாரி கடைக்காரர்களை நெருக்கினார். ஜப்பானின் நியாய வர்த்தக ஆணையம் 1992-ல் அதைத் தவறென்று சொன்னது. தட்டுப்பாடு வந்தால் நடுவில் நிற்பவன் கை ஓங்கும். இது அன்றைக்கே தெரிந்த கதை.

பிளேஸ்டேஷன் 5 வந்த காலம் கொரோனா காலம். வரிசைக்கே வழியில்லை. ஆகவே பெரும்பாலான கடைகள் 'சூசென்' என்ற குலுக்கலுக்குப் போயின. ஒவ்வொரு கடைக்கும் தனித்தனிக் குலுக்கல், தனித்தனிப் பதிவு. ஒரே ஆள் பத்து இடத்தில் பெயர் கொடுத்துவிட்டு, பத்து இடத்திலிருந்தும் 'ரகுசென்', அதாவது 'விழவில்லை' என்ற மின்னஞ்சலை வாங்கிக்கொண்டு, அடுத்த மாதம் மறுபடி பெயர் கொடுப்பார். குலுக்கல் கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் சீட்டில் இருக்கும் பெயர் விளையாடப் போகிறவருடையதா, விற்கப் போகிறவருடையதா என்று அதற்குத் தெரியாது. ஆள் சேர்த்து நூறு பெயர் கொடுப்பவனுக்கு நூறு வாய்ப்பு, அப்பாவிக்கு ஒன்று. இப்படி வாங்கி விற்பவர்களை ஜப்பானில் 'தென்பாய்யா' என்பார்கள். மறுவிற்பனைக்கான 'தென்பாய்' என்ற சொல்லையும் வாங்குபவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் ஒட்டிச் செய்த கிண்டல் பெயர். நம் ஊரில் பிளாக்கில் டிக்கெட் விற்றவர்களின் ஜப்பானியத் தம்பிகள்.

குலுக்கல் இல்லாமல் நேரடியாக விற்றுப் பார்த்த கதை இன்னும் மோசம். 2021 ஜனவரி கடைசியில் டோக்கியோவின் அகிஹபாராவில் ஒரு பெரிய கடை அப்படி முயன்றது. கூட்டம் முண்டியடித்து, போலீஸ் வந்து, விற்பனையே நின்றுபோனது.

அப்புறம் கடைகள் தாங்களே சில வைத்தியங்கள் செய்தன. எங்கள் கடையின் கிரெடிட் கார்டு வைத்திருந்தால்தான் தருவோம் என்றன சில. வேறு சில இடங்களில் கல்லாவிலேயே பெட்டியைப் பிரித்தார்கள். ஊழியர் மார்க்கர் பேனாவால் அட்டைப்பெட்டியின் மேல் ஒரு பெருக்கல் குறி போடுவார், அல்லது வாங்கியவர் பெயரை எழுதுவார். கன்ட்ரோலர் சுற்றியிருக்கும் உறையையும் கிழித்துவிடுவார். வீட்டில் விளையாடுகிறவருக்கு இதில் எந்த நஷ்டமும் இல்லை. 'புத்தம் புதிது, பிரிக்காதது' என்று போட்டு விற்க நினைப்பவருக்கு மட்டும் அடி. ஐம்பதாயிரம் யென் கொடுத்து வாங்கிய பெட்டியைக் கண்ணெதிரே கிறுக்குவதைப் பார்க்க மனசு ஒப்பாதுதான். ஆனாலும் அந்த நாட்களின் உருப்படியான யோசனை இதுதான் என்று நினைக்கிறேன். பாவம், அதையும் கடைக்காரர்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

பெட்டிகள் எங்கே போயின என்பதற்கு ஒரு தடயம் கேம் விற்பனையில் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5-இன் முதல் வாரத்தில் 1.18 லட்சம் கன்சோல் போயும், பெட்டியில் விற்ற கேம் ஒன்றுகூட 20 ஆயிரத்தைத் தொடவில்லை. டவுன்லோட் செய்தவர்கள், பழைய கேம்களையே ஆடியவர்கள் எல்லாம் உண்டு, சரி. ஸ்விட்ச் 2-இன் முதல் வாரத்தில் மரியோ கார்ட் வேர்ல்டு என்ற கேம் மட்டும் சுமார் 7.8 லட்சம். அதில் பெரும்பகுதி கன்சோலோடு சேர்த்து விற்றதுதான். ஆகவே இரண்டையும் நேராக நிறுத்தி எடைபோட முடியாது. அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பெரிது.

இனி நிண்டெண்டோ. 2025 ஏப்ரலில் தன் சொந்த இணையக் கடையின் குலுக்கலுக்கு அது வைத்த நிபந்தனைகள்: பிப்ரவரி 28-ஆம் தேதி நிலவரப்படி பழைய ஸ்விட்சில் 50 மணி நேரமாவது விளையாடியிருக்க வேண்டும், இலவச கேம்கள் கணக்கில் வராது, ஆன்லைன் சந்தா மொத்தம் ஓராண்டாவது கட்டியிருக்க வேண்டும், அது நடப்பிலும் இருக்க வேண்டும். இதில் கெட்டிக்காரத்தனம் அந்தத் தேதியில் இருக்கிறது. அறிவிப்பு வந்தபோது பிப்ரவரி முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. ஆள் பிடித்துப் பெயர் கொடுக்கலாம். கடந்த மாதத்துக்குப் போய் 50 மணி நேரம் விளையாட முடியாது.

அப்படி வடிகட்டியும் சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். எதிர்பார்த்ததைவிட மிக அதிகம், பெரும்பாலோருக்கு முதல் சுற்றில் கிடைக்காது என்று தலைவர் ஃபுருகாவா ஷுன்டாரோவே எக்ஸ் தளத்தில் வருத்தம் தெரிவித்தார். இதன் குறையும் வெளிப்படையானது: முதல் கன்சோலாக இதை வாங்க நினைத்த பிள்ளைக்கும், சந்தா கட்டாமல் வீட்டோடு விளையாடியவருக்கும் அந்தக் கதவு சாத்தியே இருந்தது. அவர்கள் மற்ற கடைகளின் குலுக்கலுக்குத்தான் போக வேண்டும்.

இரண்டாவது பூட்டு மொழி. ஜப்பானிய மொழியில் மட்டும் இயங்கும், ஜப்பான் கணக்குகளை மட்டும் ஏற்கும் ஸ்விட்ச் 2, 2025-ல் வெளிவந்தபோது விலை 49,980 யென். பல மொழிப் பதிப்பு 69,980. அதுவும் நிண்டெண்டோவின் சொந்தக் கடையில் மட்டும். அமெரிக்காவில் ஏறத்தாழ 450 டாலர் விற்ற பொருள், யென் சரிந்து கிடந்ததால் ஜப்பானில் சுமார் 350 டாலருக்கே அகப்பட்டது. பூட்டு இல்லாமல் அந்த விலைக்கு விற்றிருந்தால் பெட்டி பெட்டியாகக் கப்பல் ஏறியிருக்கும். ஜப்பானில் வேலை பார்த்துக்கொண்டு, மொழி இன்னும் வசப்படாத வெளிநாட்டுக்காரருக்குத்தான் இருபதாயிரம் யென் தண்டம்.

சோனிக்கு அப்போது இந்தப் பூட்டு இல்லை. 2022-ல் யென் விழுந்தபோது ஜப்பானிய பிளேஸ்டேஷன் 5 மலிவுச் சரக்கானது. சோனி கொடுத்த மருந்து விலையேற்றம்: டிஸ்க் உள்ள மாடல் வரியோடு 54,978-இலிருந்து 2022 செப்டம்பரில் 60,478, 2024 செப்டம்பரில் 79,980. மறுவிற்பனைக்காரரோடு உள்ளூர்ப் பையனும் விலகிப் போனான்.

எனக்கு நிண்டெண்டோ முறைதான் மேல். ஆனால் பாராட்டில் பாதி சரக்குக்குப் போக வேண்டும். சோனி சிப் தட்டுப்பாட்டில் சிக்கியது. நிண்டெண்டோவுக்கோ முன்கூட்டியே செய்து குவித்துக்கொள்ள அவகாசம் இருந்தது. கையில் பொருளே இல்லாதவரிடம் பங்கீட்டில் குறை காண்பது கொஞ்சம் அநியாயம்தான். இருந்தும், அமெரிக்காவில் சோனி தன் நேரடிக் கடையில் பழைய பிளேஸ்டேஷன் பயன்பாட்டைப் பார்த்து அழைப்பு அனுப்பியது. ஆக, அந்த யோசனை சோனிக்குத் தெரியாததல்ல.

2025 நவம்பர் 21-ல் சோனியும் ஜப்பானிய மொழி மட்டும் பேசும் பிளேஸ்டேஷன் 5 ஒன்றைக் கொண்டுவந்தது. டிஸ்க் இல்லாத மாடல், 55,000 யென். 2020-இல் அதே வகை மாடலுக்கு எந்தப் பூட்டும் கிடையாது; வரியோடு விலை 43,978.