ஷெட்டு போடப் போறவங்க கவனத்துக்கு: "ஸ்டாட் ரிப்போர்ட் இருக்கு"ன்னு சொன்னா அப்படியே நம்பிராதீங்க

திருநெல்வேலி, வள்ளியூர், பணகுடி பக்கம் இரும்பு ஷெட்டு, குடோன், மில்லு எது கட்டப் போறதா இருந்தாலும் இத ஒரு தடவ முழுசா படிச்சிருங்க. ஸ்டாட் புரோங்குற சாஃப்ட்வேர்ல (கட்டடம் பாரம் தாங்குமான்னு கணக்குப் போடுறது) ஸ்ட்ரக்சுரல் டிசைன் பண்ணித் தாரேன்னு ஒரு ஆளு டவுனுக்குள்ள ஆபீஸ் போட்டு உக்காந்துருக்காரு, மூணு நாள்ல ரிப்போர்ட்டுன்னு நோட்டீஸும் அடிச்சு விட்டுருக்காரு. பேரு போட முடியாது, வக்கீல் நோட்டீஸ் போயிருக்கதால வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாவ. ஆனா என்ன நடந்ததுன்னு சொல்லலாம்லா.

நான் பேட்டையில ஃபேப்ரிகேஷன் பட்டறை வச்சிருக்கேன், கேட்டு கிரில்லுல ஆரம்பிச்சு இப்பம் ஷெட்டு வேலைதான் அதிகம். இந்த வேலை காவல்கிணறு பக்கம் ஒரு அண்ணாச்சிக்கு, தேங்கா குடோன். 60 அடி அகலம், 120 அடி நீளம், 20 அடிக்கு ஒரு ஃப்ரேமு, நடுவுல தூணே வரக்கூடாது, லாரி உள்ள வந்து திரும்பிப் போகணும். பேங்க்ல லோனுக்கு டிசைன் ரிப்போர்ட்டு, ஸ்டெபிலிட்டி சர்டிபிகேட் ரெண்டும் கேட்டுட்டாவ. சரின்னு இந்த ஆளப் புடிச்சோம். பேசுனது 45 ஆயிரம், அட்வான்ஸ் 30 ஆயிரம் ஜிபேயில போட்டாச்சு, ப்ளான் அளவு எல்லாம் வாட்ஸப்ல தெளிவா அனுப்பியாச்சு.

சொன்ன மாதிரியே ரிப்போர்ட் வந்துச்சு, 180 பக்கம், ஸ்பைரல் பைண்டிங், மேல கலர்ல 3டி படம், உள்ள செவப்பும் நீலமுமா மொமெண்ட் (இரும்ப வளைக்குற விசை) டயகிராம். அண்ணாச்சி கையில வாங்கிட்டு "என்னடே தம்பி, கல்யாண ஆல்பம் கணக்கால்லா இருக்கு"ன்னு சிரிச்சாவ. கூட வந்த ஆட்டோகேட் டிராயிங்ல 60 அடி, 120 அடி எல்லாம் கரெக்டா இருந்துச்சு, தூணுக்கும் ராஃப்டருக்கும் (கூரையத் தாங்குற சரிவு பீமு) ஐஎஸ்எம்பி 300ன்னு, அதாவது 300 எம்எம் ஒசர ஐ பீமுன்னு போட்டிருந்துச்சு. மதுரையில இருந்து மெட்டீரியல் எறங்கி, அறுக்கவும் ஆரம்பிச்சாச்சு.

அந்த சமயம் ஆடி அமாவாசைக்கு என் மச்சினன் ஊருக்கு வந்தான். சென்னையில ஒரு ஸ்டீல் கம்பெனியில டெக்லா (இரும்பு வேலைக்கு டிராயிங் போடுற சாஃப்ட்வேர்) ஓட்டுதான், அதுக்கு முன்னால டிசைன் ஆபீஸ்ல ஸ்டாட் புரோல கெடந்தவன். பட்டறையில டீ குடிச்சுக்கிட்டே அந்த புக்க எடுத்தான். நம்மள மாதிரி கடைசில பாஸா ஃபெயிலான்னு அவன் பாக்கல, நேரா ரியாக்ஷன் பக்கத்துக்கு (ஒவ்வொரு தூணு அடியிலயும் எவ்வளவு பாரம் எறங்குதுங்குற பட்டியல்) போயி வெரல் வச்சு எண்ணுனான். "அத்தான், ஒங்க ஷெட்டுக்கு எத்தன தூணு?"ன்னான். 120 அடிக்கு ஏழு ஃப்ரேமு, பதினாலு தூணுன்னேன். "இதுல பத்து சப்போர்ட்டுதான அத்தான் இருக்கு."

அப்பமே எனக்கு வயித்துல புளியக் கரைச்சுட்டு. அடுத்து ஜாயிண்ட் கோஆர்டினேட் பக்கம், அதாவது மாடலோட அளவு இருக்க எடம். 60 அடின்னா மீட்டர்ல 18.288 வரணும். அதுல இருந்தது 15.24. அதாவது 50 அடி. நீளம் 24.384, அதாவது 80 அடி. அப்புறம் கால்குலேட்டர எடுத்து ஒரு கணக்குப் போட்டான் பாருங்க, இத எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கிடணும். சரிவு கம்மியா இருக்க, ஆளு ஏறி நடமாடாத கூரைக்கு ஐஎஸ் 875ல (எவ்வளவு பாரம் எடுக்கணும்னு சொல்லுத இந்திய தர விதி) லைவ் லோடு (வந்து போற பாரம்) சதுர மீட்டருக்கு 0.75 கிலோ நியூட்டன். நம்ம ஷெட்டு 7200 சதுர அடி, அதாவது 669 சதுர மீட்டர், 0.75ஆல பெருக்குனா 500 சொச்சம் கிலோ நியூட்டன், டன்னுல சொன்னா 51 டன் பக்கம். மேல எவ்வளவு வச்சமோ அவ்வளவும் கீழ சப்போர்ட்டுல வந்து எறங்கணும், ரிப்போர்ட்லயே ஸ்டாட்டிக்ஸ் செக்னு ஒரு எடத்துல மொத்தம் கூட்டிப் போட்டிருக்கும். அதுல லைவ் லோடு மொத்தமே 279 கிலோ நியூட்டன், 28 டன்னு. 50க்கு 80 ஷெட்டுக்குப் போட்டாத்தான் அந்தக் கணக்கு வரும். ஆக வேற எவருக்கோ எப்பமோ போட்ட மாடல எடுத்து, ஜாப் பேர மட்டும் மாத்தி, பிரிண்ட் எடுத்து, நம்மகிட்ட 45 ஆயிரம்.

பத்து அடிதான வித்தியாசம்னு தோணும். அங்கதான் விசயமே இருக்கு. அதே லோடு, அதே செக்ஷன்னு வச்சா மொமெண்ட் ஸ்பானோட (தூணுக்குத் தூணு உள்ள அகலம்) வர்க்கத்துல ஏறும், 60ஐ 50ஆல வகுத்தா 1.2, அத அதாலயே பெருக்குனா 1.44. 44 சதவீதம் கூட. தொய்வு இன்னும் மோசம், நாலாவது அடுக்கு, ரெண்டு மடங்குக்கு மேல போயிரும். 50 அடிக்கு டைட்டா நிக்கிற ராஃப்டரு 60 அடிக்கு நிக்காது, இதுக்கு எம்.இ. படிக்கணும்னு இல்ல.

போன் பண்ணுனேன். "அய்யோ சார், பையன் தப்பான ஃபைல பிரிண்ட் போட்டுட்டான், உங்களுது தனியா இருக்கு"ன்னு ரொம்ப மரியாதையா பேசுனாரு. மறுநா காலையிலயே பிடிஎஃப் வந்துட்டு. இதுல பதினாலு சப்போர்ட்டு இருக்கு, 18.288 இருக்கு, செக்ஷன் மட்டும் அதே எம்பி 300, எல்லா மெம்பரும் (தூணு, ராஃப்டரு ஒவ்வொண்ணும்) பாஸு. நான் கூட சரி, தப்பு நடந்துருக்கும் போலன்னு நெனச்சேன். மச்சினன் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக்கிட்டு சிரிக்கான். மெம்பர் ஃபோர்ஸ் பக்கத்துல ஈவ் கிட்ட (தூணும் ராஃப்டரும் சேருற எடம்) மொமெண்ட் பழைய ரிப்போர்ட்ல 138 கிலோ நியூட்டன் மீட்டர், புதுசுல 200 பக்கம். சரி, ஸ்பான் கூடுனா ஏறத்தான செய்யும். ஆனா அதே எடத்து மெம்பருக்கு ரேஷியோ (வார பாரத்த தாங்குற பாரத்தால வகுத்தது, 1ஐத் தாண்டுனா ஃபெயிலு) பழசுலயும் 0.947, புதுசுலயும் 0.947. மூணு தசமம் வரைக்கும் அச்சு மாறாம அப்படியே! ஃபோர்ஸ் ஏறுது, ரேஷியோ ஏறல, அது எப்படிவே நடக்கும்?

எம்பி 300 எவ்வளவு தாங்கும்னு ஒரு துண்டுச் சீட்டுல போட்டுக் காமிச்சான். பிளாஸ்டிக் செக்ஷன் மாடுலஸ் (வளையாம தாங்குறதுக்கு அந்த பீமோட அளவு) 651.7 கன சென்டிமீட்டர், ஸ்டீலு 250 கிரேடு, ரெண்டையும் பெருக்கி, ஐஎஸ் 800 (இரும்புக் கட்டட டிசைன் விதி) பாதுகாப்புக்கு சொல்லுத 1.1ஆல வகுத்தா 148 கிலோ நியூட்டன் மீட்டர். அதுவும் பக்கவாட்டுல பொரளாம முழுசா புடிச்சு வச்சிருந்தாத்தான். 148 தாங்குற சாமான்ல 200 வந்தா ரேஷியோ 1.3க்கு மேல, ஃபெயிலு. அந்தாளு என்ன பண்ணிருக்காருன்னா, ஜாமெட்ரிய மாத்தி ரன் பண்ணிருக்காரு, ஃபெயில் வந்துருக்கு, செக்ஷன் மாத்தி திரும்ப டிசைன் பண்ண சோம்பேறித்தனம், பழைய ரிப்போர்ட்ல இருந்த ரேஷியோ டேபிள வெட்டி இதுல ஒட்டிட்டாரு.

ஸ்டாட் குடுக்குற அவுட்புட் ஃபைலு சாதா டெக்ஸ்ட் ஃபைலுதான், நம்ம நோட்பேட்ல தொறக்கலாம், ஃபெயில்னு இருக்கத அழிச்சிட்டு பாஸ்னு அடிக்கலாம், அது ஒண்ணும் மாயாஜாலம் இல்ல. இது நெறைய பேருக்குத் தெரியாது. கம்ப்யூட்டர்ல இருந்து வந்துச்சு, பேங்க்காரனே ஒத்துக்கிட்டான்னு நாம வாய மூடிக்கிடுதோம். நம்ம ரிப்போர்ட்ல ஒட்டுன எடத்துல வரிசை ஒரு எழுத்து தள்ளி இருந்துச்சு, பாக்கணும்னு பாத்தாத்தான் தெரியும்.

சரி, இதோட முடிஞ்சுதான்னா இல்ல. காத்து லோடு பக்கத்துக்கு வந்தான். இது காவல்கிணறு. ஆனி ஆடியில ஆரல்வாய்மொழி கணவாய் வழியா வார காத்துல பைக்க ஸ்டாண்ட் போட்டு நிறுத்த முடியாது, முப்பந்தல்ல அத்தன காத்தாடி நட்டு வச்சிருக்கது அழகுக்கா? ஐஎஸ் 875 மூணாம் பாகம், 2015 பதிப்பு, மேப்ல நம்ம பக்கம் அடிப்படை வேகம் செகண்டுக்கு 39 மீட்டர். 0.6ஐ 39 வர்க்கத்தால பெருக்குனா 912 நியூட்டன், சதுர மீட்டருக்கு 93 கிலோ. அதுக்கு மேல மலை, மேடு இருக்க எடமான்னு பாக்கணும், கே3ன்னு ஒரு ஃபேக்டர், 1.36 வரைக்கும் போகும். கிழக்குக் கடலோரத்துல 60 கிலோமீட்டருக்குள்ள தொழில் கட்டடம்னா கே4 1.15. இவரு ரிப்போர்ட்ல என்ன இருக்குன்னா தூணு மேல ஒரு பக்கமா 0.5, முடிஞ்சு. எங்க இருந்து வந்த 0.5ன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

கூரைய மேல தூக்குற காத்து அதுல கெடையவே கெடையாது. ஷெட்டு விழுறதுன்னா பாரம் தாங்காம கீழ விழும்னு நாம நெனைக்கோம், நம்ம பக்கம் காத்துல போற ஷெட்டு எல்லாம் மேல பிச்சுக்கிட்டுத்தான் போவுது. ஷீட்டு, பர்லின் (ஷீட்ட தாங்குற குறுக்குச் சட்டம்), ராஃப்டரு எல்லாம் சேத்தாலே சதுர மீட்டருக்கு 20, 25 கிலோதான் எடை. வெளிய உறிஞ்சுற காத்து, பெரிய ஷட்டர் தொறந்து கெடந்தா உள்ள புகுந்து தள்ளுற காத்து ரெண்டும் சேந்தா நூறு கிலோவ சாதாரணமா தாண்டிரும். அப்பம் ராஃப்டரோட கீழ் ஃபிளாஞ்சு (ஐ பீமோட அடிப் பட்டை) அமுங்கும், மேல பர்லின் புடிச்சிருக்கது அதுக்கு ஒதவாது, கீழ இருந்து ஃப்ளை பிரேஸ் (அடிப் பட்டைய பர்லினோட இழுத்துப் புடிக்குற சாய்வுக் கம்பி) குடுக்கணும். டிராயிங்ல ஒரு ஃப்ளை பிரேஸ் இல்ல. டெட் லோடு (ஷெட்டோட சொந்த எடை) 0.9, விண்டு 1.5 மடங்குன்னு ஒரு காம்பினேஷன் ஐஎஸ் 800லயே இருக்கு, தூக்குறத செக் பண்ணத்தான் அது இருக்கு, அதுவும் இல்ல.

அடியில இன்னொரு கூத்து. மாடல்ல எல்லா சப்போர்ட்டும் ஃபிக்ஸ்டு, அதாவது தூணு அடி சுத்தாம இறுகப் புடிச்சது. அப்படிப் போட்டா பக்கவாட்டுக் காத்துக்கு மேல மொமெண்ட் கொறையும், ஷெட்டு ஆடுறதும் கொறயும், ரிசல்ட்டு அழகா வரும். ஆனா டிராயிங்ல 12 எம்எம் பேஸ் பிளேட்டு, தூணு ஃபிளாஞ்சுக்கு உள்ளுக்குள்ளயே நாலு போல்ட்டு. அது கதவுக் கீல் மாதிரி சுத்தும், மொமெண்ட் புடிக்காது. மாடல்ல ஒண்ணு, சைட்ல ஒண்ணு. ஃபிக்ஸ்டுதான் வேணும்னா தடி பிளேட்டு, ஸ்டிஃப்னரு, போல்ட்டு வெளிய தள்ளி, அஸ்திவாரமும் அந்த மொமெண்டுக்குத் தக்கன பெருசா வரணும். இவரு அஸ்திவாரத்த நேரா எறங்குற பாரத்துக்கு மட்டும் போட்டு வச்சிருக்காரு.

திரும்ப போன் பண்ணி எஸ்டிடி ஃபைலத் தாங்கன்னு கேட்டேன். அதுதான் மாடலோட மூல ஃபைலு. "அது எங்க ஆபீஸ் ப்ராப்பர்ட்டி சார், வெளிய குடுக்க மாட்டோம்"னாரு. காசு குடுத்து என் ஷெட்டுக்குப் போட்ட கணக்கு எனக்குக் கெடையாதாம். "சாஃப்ட்வேரே பாஸ்னு சொல்லுது, நீங்க பட்டறைக்காரரு, நீங்க எப்படி சார் தப்புன்னு சொல்லுவீங்க"ன்னு ஒரு கேள்வி வேற. அவரு ஒண்ண மறந்துட்டாரு, ஸ்டாட் அவுட்புட்ல ஆரம்பத்துலயே நாம குடுத்த இன்புட் பூராவும் வரி வரியா திரும்ப அச்சாகி இருக்கும். மச்சினன் அத பாத்து அப்படியே டைப் பண்ணி, லைசென்ஸ் வச்சிருக்க ஒரு இஞ்சினியர்கிட்ட குடுத்து ரன் பண்ணச் சொன்னான். அவரு மாடலு, அவரு லோடு, அவரு செக்ஷன், ஒரு எழுத்து மாத்தல. ராஃப்டர்ல செவப்பு செவப்பா ஃபெயிலு. அந்தப் படத்த அனுப்புனதுக்கு அப்புறம் போன எடுக்கல.

சாஃப்ட்வேர் மேல ஒரு குத்தமும் இல்ல, அது குடுத்தத வச்சு ஒழுங்கா கணக்குப் போட்டுத்தான் ஃபெயில்னு சொல்லிருக்கு. அத அழிச்சது மனுசன்.

சீல் விசயத்தையும் சொல்லிருதேன். ரிப்போர்ட்ல குத்தியிருந்த சீல் வேற ஒரு பெரியவரோடது. விசாரிச்சா அவரு வேலைய விட்டுட்டு மகன் கூட வெளியூர்ல இருக்காரு, இந்த ஷெட்டப் பத்தி அவருக்கு ஒண்ணுமே தெரியாது. 2019 கட்டட விதியில ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியர் பதிவு பண்ணிருக்கணும்னு இருக்கு, அதனால பதிவு நம்பர வாங்கி, அந்த ஆளுகிட்டயே நேர்ல பேசிக்கிடுங்க, நடுவுல இருக்கவன் பேச்சு வேண்டாம்.

அட்வான்ஸ் குடுக்கும்போதே எஸ்டிடி ஃபைலு தரணும்னு எழுதி வாங்கிருங்க, தர மாட்டேன்னு சொன்னா அங்கயே எந்திரிச்சு வந்துருங்க. ரிப்போர்ட் கைக்கு வந்ததும் சப்போர்ட்ட எண்ணுங்க, அகலத்த மீட்டர்ல பாருங்க, ஏரியாவ 0.75ஆல பெருக்கி லைவ் லோடு மொத்த ரியாக்ஷனோட ஒத்துப் பாருங்க, விண்டு நாலு பக்கமும் இருக்கா, மேல தூக்குறது இருக்கான்னு கேளுங்க. பட்டறைக்காரங்க இன்னொண்ணும் பாருங்க, தூண நடுவுல நோடு (இணைப்புப் புள்ளி) போட்டு ஒடச்சு மாடல் பண்ணிருந்தா, நீளம் தனியா சொல்லலன்னா ஸ்டாட் ஒவ்வொரு துண்டையும் தனித்தனி நீளமா எடுத்துக்கிடும், 20 அடி தூணு ரெண்டு பத்தடி தூணு மாதிரி பலமாத் தெரியும். இதுலயும் நம்ம ஆளு அப்படித்தான் பண்ணி வச்சிருந்தாரு.

நோட்டீஸுக்கு பதில் வந்துருக்கு, கிளையண்ட் குடுத்த அளவுக்குத்தான் டிசைன் பண்ணுனோம்னு. நாங்க அனுப்புன 60 அடி ப்ளான் வாட்ஸப்ல தேதியோட கெடக்கு, அத வக்கீல்கிட்ட குடுத்தாச்சு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போலாம், ஆனா வியாபாரத்துக்கு வாங்குன சர்வீஸ்னு எதிர்த்தரப்பு மொதல்ல அதத்தான் கெளப்புவாவன்னு அவரு சொல்லுதாரு. அது சிவில் கோர்ட்டா, ஆணையமான்னு இன்னும் முடிவு பண்ணல. நடுவுல பத்தாயிரம் மட்டும் ஜிபேயில திரும்ப வந்துச்சு, "விட்டுருங்க சார்"னு ஒரு மெசேஜோட.

அறுத்த எம்பி 300ல கொஞ்சம் முன், பின் முகப்புச் செவுரு (கேபிள்) பக்கத்து தூணுக்குப் போவுது, மிச்சம் பட்டறையில கெடக்கு. இப்பம் பாளையங்கோட்டையில வேற ஒரு இஞ்சினியர் பண்ணுதாரு, சைட்டுக்கு நேர்ல வந்து காத்து எந்தப் பக்கம் அடிக்கும்னு அண்ணாச்சிகிட்டயே கேட்டாரு, பிளேட்டு வெட்டி பில்டப் செக்ஷன், ஈவ் கிட்ட ஆழம் கூட, நடுவுல கம்மி. பீஸ் அந்தாளுக்குப் பேசுனத விட 15 ஆயிரம் கூடத்தான். ரிப்போர்ட் 60 பக்கம் கூட இல்ல, எஸ்டிடி ஃபைல நான் கேக்கதுக்கு முன்னாலயே பென் டிரைவ்ல போட்டுத் தந்துட்டாரு. ஆவணி முடிஞ்சு காத்து அடங்குனதும் ஃப்ரேம் ஏத்துதோம்.