ராமநாதபுரத்தில் 45 நாள் பிசினஸ் இங்கிலீஷ் வகுப்பு: 6,500 ரூபாய்க்குத் தகுமா?

தங்கச்சிமடத்தில் பஸ் ஏறினால் ராமநாதபுரம் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். பாம்பன் பாலத்தில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் அன்றைக்கு லாபம். உச்சிப்புளியில் ஏறுகிற கூட்டத்தில் அந்த லாபமும் போய்விடும். இப்படி 45 நாள் போய் வந்தேன். எம்.பி.ஏ. முதல் வருஷம் முடிந்த லீவு அது. கடலில் தடைக்காலம் வேறு. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். அப்பா நண்டு வாங்கி, அதன் சதையை ஏற்றுமதி செய்கிற மண்டபத்துக் கம்பெனிக்குப் போடுகிறவர். வல்லம் என்கிற நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவதை வைத்துத்தான் அந்த இரண்டு மாதம் வீடு ஓடும். அப்படிப்பட்ட நேரத்தில் 6,500 ரூபாய் என்றதும் அம்மா பேசவே இல்லை, சுருக்குப் பையை மட்டும் இறுக்கிக் கட்டினாள்.

ஊரில் நாலு பேர் "நாங்களும் சேரலாமா?" என்று கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியாததால் இது. இடத்தின் பெயரைப் போடப்போவதில்லை. குறையும் சொல்லப்போகிறேன், இன்னும் அந்தத் தெரு வழியாகத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிறேன்.

ஒரே கட்டணத்தில் இரண்டு பகுதி. காலை 11 மணிக்கு கடிதம், ஈமெயில். சாயங்காலம் 4 மணிக்கு பேச்சு.

சாயங்காலத்தை முதலில் முடித்துவிடுகிறேன். முதல் இரண்டு வாரம் முழுக்க சுயஅறிமுகம். "மைசெல்ஃப்" என்று தொடங்கக் கூடாது என்று முதல் நாளே சொன்னார்கள், சரி, நல்லது. அதற்குப் பிறகு முப்பது பேரும் ஒரே பாட்டு. பலம், கடின உழைப்பு. பலவீனம், எதையும் குறையில்லாமல் செய்ய நினைப்பது. முப்பது பேருக்கும் ஒரே பலவீனம் என்றால் அது ஊர் வியாதியாகத்தான் இருக்க வேண்டும். பிறகு நடித்துக் காட்டுகிற பயிற்சி. லண்டனில் ஓட்டல் அறை கேட்பது, பனி கொட்டுவதைப் பற்றி அக்கம்பக்கத்தில் பேசுவது. வெளியே மே மாத வெயிலில் தார் ரோடு இளகிக் கிடக்கிறது, உள்ளே நாங்கள் கோட்டை எங்கே மாட்டுவது என்று விசாரித்துக்கொண்டிருந்தோம். சாயங்காலம் எடுத்த ஆசிரியை அன்பானவர், அதில் குறையில்லை. ஆனால் உச்சரிப்பைத் திருத்துவதிலேயே நேரம் போய்விட்டது. நாங்கள் என்ன சொல்ல வருகிறோம் என்பதை யாரும் கேட்கவில்லை.

காலை வகுப்பு வேறு உலகம்.

எடுத்தவர் தூத்துக்குடியில் ஏற்றுமதி காகிதங்களைக் கையாளும் அலுவலகம் ஒன்றில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். டை கிடையாது, லேப்டாப் கிடையாது. மஞ்சள் பையில் ஜெராக்ஸ் கட்டோடு வருவார். முதல் நாள் கரும்பலகையில் எழுதிப்போட்டது ஒரே வரி: "போன லோடில் எடை குறைகிறது என்று வாங்கியவர் எழுதியிருக்கிறார். பதில் எழுதுக."

நான் பக்கம் நிறைய எழுதினேன். ரெஸ்பெக்டட் சார், மேற்படி பொருள் தொடர்பாக, வெரி வெரி சாரி, கைண்ட்லி டூ தி நீட்ஃபுல், ரிவர்ட் பேக். பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதி எழுதிப் பழகிய கை அல்லவா. படித்துவிட்டுக் கேட்டார்: "யாரு என்ன செய்யணும், என்னைக்குள்ள செய்யணும்? இதுல எங்கம்மா இருக்கு?" எங்கும் இல்லை. பிறகு அந்த 'சாரி'யை வட்டம் போட்டார். "எடை குறைஞ்சுச்சா இல்லையான்னே இன்னும் தெரியல. முதல் வரியிலயே தப்ப ஒத்துக்கிட்டா அப்புறம் கணக்கு எப்படிப் பேசுவ?"

என் ஒரு பக்கம் கடைசியில் நாலு வரியானது. இன்வாய்ஸ் எண், நாங்கள் ஏற்றிய நிகர எடை, அவர்கள் எடை போட்ட சீட்டின் நகலும் பெட்டி எண்களும் வேண்டும் என்ற கேள்வி, பதில் வேண்டிய தேதி. மரியாதையும் இருந்தது, கெஞ்சல் இல்லை.

நம் பழக்கம் வேறு என்பதும் அங்கேதான் உறைத்தது. போனில் நாம் சாப்பிட்டாச்சா, அத்தைக்கு உடம்பு எப்படி என்று எல்லாம் கேட்டுவிட்டு, வைக்கப்போகிற நேரத்தில் "அப்புறம் ஒரு விஷயம்" என்போம். நான் ஈமெயிலையும் அப்படியே எழுதிக்கொண்டிருந்தேன். சார் கேட்டார்: "ஏலத்துல நிக்கிறவன் சாப்பிட்டாச்சான்னு கேட்டுட்டா விலை சொல்றான்?" அதற்குப் பிறகு விஷயத்தைத் தலைப்பு வரியிலேயே போடப் பழகினேன்.

தேதிக்கு ஒரு நாள் முழுசாகச் செலவழித்தார். 07/06 என்று நாம் எழுதினால் ஜூன் 7. அமெரிக்காவில் படிக்கிறவருக்கு அது ஜூலை 6. இங்கிருந்து நண்டுச் சதை போவதே அந்த நாட்டுக்குத்தான் அதிகம் என்பதால் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மாதத்தை எழுத்தால் எழுதச் சொன்னார், அவ்வளவுதான் மருந்து.

விலைச் சொற்களும் அப்படித்தான். எஃப்.ஓ.பி. என்றால் பக்கத்தில் துறைமுகத்தின் பெயர் வரவேண்டும், எஃப்.ஓ.பி. தூத்துக்குடி என்பதுபோல. சரக்கு கப்பலில் ஏறும்வரைதான் நம் பொறுப்பு. சி.ஐ.எஃப். என்றால் கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் நாம் கட்டுகிறோம், அதனால் போய்ச் சேரும்வரை சேதமும் நம் தலையில்தான் என்று இரண்டு செமஸ்டராக நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, சரக்கு ஏறியதுமே அந்த அபாயம் வாங்குகிறவர் பக்கம் போய்விடுகிறது. யார் எதுவரை பொறுப்பு என்று சொல்லும் உலக வணிக விதித் தொகுப்பான 2020 இன்கோடெர்ம்ஸில் இப்படி 11 விதி இருக்கின்றன. கல்லூரியில் பதினொன்றையும் மனப்பாடம் செய்தேன், இங்கே இரண்டு புரிந்தது.

எல்.சி. பாடம்தான் உச்சம். காகிதமெல்லாம் சரியாக இருந்தால் பணம் தருகிறேன் என்று வாங்குகிறவரின் வங்கி கொடுக்கிற உறுதிதான் எல்.சி. வங்கி நண்டைப் பார்ப்பதில்லை, காகிதத்தைத்தான் பார்க்கிறது. எல்.சி.யில் சதையின் ரகம் 'லம்ப்' என்று இருந்து நம் இன்வாய்ஸில் 'ஸ்பெஷல்' என்று விழுந்தால், சரக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பணம் நிற்கும். காகிதத்தைச் சோதிக்க வங்கிக்கு ஐந்து வேலை நாள். உடைத்து எடுக்கிற சதையை ஜம்போ, லம்ப், ஸ்பெஷல், க்ளா என்று பிரிக்கிற அக்காமார்களுக்குத் தெரிந்த வித்தியாசம், எம்.பி.ஏ. படிக்கிற எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாருக்குக் கதை சொல்லும் வியாதி உண்டு. ஒருநாள் சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் போய்விட்டார். 1785 வாக்கில் ராமநாதபுரத்தில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் தொடங்கியவர், அப்துல் கலாம் படித்த பள்ளிக்கு அவர் பெயர்தான். "அப்பவும் கம்பெனிக்காரனோட பேசத்தான் இங்கிலீஷு, இப்பவும் கம்பெனிக்காரனோட பேசத்தான்" என்று சொல்லிச் சிரித்தார். அது கிழக்கிந்தியக் கம்பெனி, இது நண்டுக் கம்பெனி.

இனி வயிற்றெரிச்சல். நோட்டீஸில் 'கேம்பிரிட்ஜ் சான்றிதழ்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கடைசி வாரம் கேட்டால், கேம்பிரிட்ஜின் பி.இ.சி. என்ற பிசினஸ் இங்கிலீஷ் தேர்வுக்குத் தயார் செய்வது மட்டும்தானாம், தேர்வுக் கட்டணம் தனியாம். கையில் கிடைத்தது அவர்களே அச்சடித்த அட்டை. அந்தத் தேர்வின் நடு நிலையான வான்டேஜில் எழுத்துப் பகுதிக்கு 45 நிமிஷம். 40–50 சொல்லில் அலுவலகத்துக்குள் ஒரு குறிப்பு, 120–140 சொல்லில் ஒரு கடிதமோ அறிக்கையோ. சார் பழக்கிய பழக்கத்துக்கு அது கையில் வந்துவிடும். பேச்சுத் தேர்வு ஜோடியாக உட்கார்ந்து கலந்து பேசுவது. சாயங்கால வகுப்பில் 45 நாளில் ஒருநாள்கூட ஜோடியாக உட்காரவைக்கவில்லை. '100 சதவீத வேலை' என்றும் நோட்டீஸில் இருந்தது, அதைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

ஜூனில் கம்பெனி மேனேஜர் அப்பாவிடம், "அண்ணே, உங்க பொண்ணு இங்கிலீஷு படிக்குதாமே" என்று சொல்லி ஒரு மெயில் எழுதித்தரக் கேட்டார். தடை முடிந்து முதல் லோடு எப்போது என்று வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டும். ஐந்து வரி, மாதம் எழுத்தில். மறுநாள் பதில் வந்தது: "நோட்டட், தேங்க்ஸ்." அப்பா போனை வாங்கி முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். "என்னாத்தா, இம்புட்டுத்தானா? இதுக்கா ஆறாயிரத்து ஐநூறு?"

காலை வகுப்புக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், சாயங்காலத்துக்கு ஒன்றரை. காலை மட்டும் போதும் என்றால் கட்டணத்தைக் குறைக்கிறார்களா என்று பேசிப் பாருங்கள், நான் பேசாமல் கட்டிவிட்டேன். பெண்பிள்ளைகள் கவனிக்க: கழிப்பறை கீழ்த்தளத்தில், சாவி பக்கத்துத் தையல்கடை அக்காவிடம் இருக்கும், அவர் ஒரு மணிக்குச் சாப்பிடப் போய்விடுவார். மூன்றாவது பெஞ்சுக்கு மேலே உள்ள ஃபேன் மட்டும்தான் ஒழுங்காகச் சுற்றுகிறது.